உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நான் தையல் கடை வைத்து 14 வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் 11 வருடம் பெங்களூர் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு ஏற்றுமதி கார்மென்ட்ஸில் வேலை. ஹெல்பராகச் சேர்ந்து, துணி ஓரம் பிசிறாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, கடைசி 5 வருடம் ஜீன்ஸ் லைனில் செக்கிங் பார்த்தேன். போன இதழில் பழைய துணிகளை ஆல்டர் செய்வது பற்றி எழுதியபோது ஜீன்ஸ் பற்றிக் கடைசியில் இரண்டு வரிதான் போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றியவை. அதனால் இந்த முறை ஜீன்ஸ் மட்டும்.

என் மகன் இந்த வருடம் சேலத்தில் காலேஜ் சேருகிறான். 2,400 ரூபாய் ஜீன்ஸ்தான் வேண்டும் என்கிறான். பர்கூரில் அதே நீலத்தில் 500 ரூபாய்க்குத் தொங்குகிறது. கையில் பிடித்துப் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நல்ல ஜீன்ஸ் என்று எதை வைத்துச் சொல்வது?
— மா விவசாயி, காவேரிப்பட்டணம்

அண்ணா, நீங்கள் மாம்பழத்தை நிறம் பார்த்து வாங்க மாட்டீர்கள். காம்புப் பக்கம் முகர்ந்து பார்ப்பீர்கள். ஜீன்ஸுக்கு அந்த இடம் உள்பக்கம். கடையில் எடுத்தவுடன் முழுசாக உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வெளியே சாயம், வாஷ், பின்பாக்கெட் பூவேலை எல்லாம் சேர்ந்து கண்ணை மறைக்கும். உள்ளே மறைக்க ஒன்றும் இல்லை.

முதலில் துணி. உள்பக்கம் வெளுப்பாக இருக்கும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும் நீலச் சாயம் போட்டது, குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. பாவு மூன்று ஊடையைத் தாண்டி மேலே வந்து, ஒன்றுக்குக் கீழே போகும். அதனால்தான் வெளியே நீலம், உள்ளே வெள்ளை, மேலே சாய்ந்த கோடு. அந்தக் கோடு நெருக்கமாக, ஒரே சீராக ஓட வேண்டும். ஒற்றைத் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஊசி முனை ஊசி முனையாக வெளிச்சம் தெரிந்தால் நெசவு தளர்வு. அப்படிப்பட்ட துணி முட்டியில் சீக்கிரம் தொங்கும்.

நூலிலும் இரண்டு வகை. ரிங் ஃபிரேமில் நூற்றது ஒன்று, ஓப்பன் எண்டில் நூற்றது இன்னொன்று. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் ஓ.இ. மில் என்பார்களே, அது. ஓ.இ. நூல் வேகமாக ஓடும், விலை குறைவு, ஆனால் பலம் கொஞ்சம் கம்மி, தொட்டால் சொரசொரப்பு. ரிங் நூலில் நெய்தது கைக்கு மெத்தென்று இருக்கும், துவைக்கத் துவைக்க இன்னும் நன்றாக ஆகும். ஓ.இ. நூல் என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன். அதிலும் கெட்டியாக நெய்த துணி நிறைய வருடம் உழைத்துப் பார்த்திருக்கிறேன். கஞ்சியைக் கனம் என்று நினைத்து ஏமாறுவதுதான் மோசம். துணியின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துப் பத்து முறை கசக்குங்கள். கசக்கிய இடம் மட்டும் சட்டென்று மெலிந்து தொய்ந்தால், அந்த விறைப்பு முதல் துவைப்போடு போய்விடும்.

கனத்தை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர கஜம் துணி எத்தனை அவுன்ஸ் என்பது. 12 அவுன்ஸ் என்றால் ஒரு சதுர மீட்டர் சுமார் 400 கிராம். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலுக்கு 10 முதல் 12 அவுன்ஸ் போதும். 14-க்கு மேல் போனால் துணி உழைக்கும், போடுகிற பையன் உழைக்க முடியாது.

அப்புறம் தையல். இதில்தான் என் கண் முதலில் போகும். பின்பக்கம் 'வி' வடிவில் ஓடும் யோக், நடுவில் இறங்கும் சீட் தையல், கால்களின் உள்தையல், இந்த மூன்றையும் பாருங்கள். நல்ல ஜீன்ஸில் யோக்கிலும் சீட்டிலும் இரண்டு துணியின் ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று மடங்கி உள்ளே போய்விடும். மேலே இரட்டைத் தையல் ஓடும். உள்பக்கம் தடவினால் பிசிறு கையில் படாது. இதற்கென்று ஃபீட் ஆஃப் ஆர்ம் என்ற மெஷின் உண்டு. அதில் உட்கார்ந்து ஒரு காலை உருட்டி உருட்டித் தைப்பவர்களுக்கு எங்கள் லைனில் தனி மரியாதை இருந்தது. கை கொஞ்சம் தவறினால் மடிப்பில் ஒரு பக்கம் துணி பிடிபடாமல் நழுவிவிடும். வெளியே இரட்டைத் தையல் அழகாகத் தெரியும், உள்ளே ஒரு ஓரம் காற்றில் நிற்கும். நான் திருப்பி அனுப்பிய பீஸ்களில் பாதி அதுதான்.

வெளிப்பக்கத் தையலில் ஓவர்லாக் மட்டும் இருந்தால் குறை என்று நினைக்காதீர்கள். பெரிய கம்பெனி ஜீன்ஸிலும் அப்படித்தான் இருக்கும். அங்கே ஓரத்தில் அரை அங்குலம் துணி விட்டிருந்தால் எனக்குச் சந்தோஷம், பிற்பாடு பிரித்துவிட இடம் இருக்கும். ஒரு அங்குலத்தில் 7 முதல் 9 தையல் இருந்தால் சரி. பொடிப்பொடியாக நெருக்கித் தைத்தால் பலம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். ஊசி குத்தக் குத்தத் துணிதான் பலவீனப்படும், தபால்தலை ஓரம் மாதிரி ஆகிவிடும்.

நான்கு தையலும் சேரும் இடம் கவட்டுப் பகுதி. நாங்கள் ஃபோர்க் என்போம். முன்னாலும் பின்னாலும் வரும் தையல்கள் கூட்டல் குறி போல நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். கால் அங்குலம் விலகினால் தைத்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார், அல்லது வெட்டியது சரியில்லை.

முன்பாக்கெட்டுக்குள் கை விடுங்கள். பாக்கெட் துணி கெட்டிக் காட்டன் ட்வில்லா, அல்லது பின்னால் இருக்கும் விரல் தெரிகிற மெல்லிய பாலியஸ்டர் கலவையா? செல்போனும் வண்டிச் சாவியும் போடுகிற பையனுக்கு முதலில் ஓட்டையாவது அதுதான். ஜீன்ஸை மலிவாக்க நினைப்பவர்கள் கை வைக்கிற முதல் இடமும் அதுவே, ஏனென்றால் வாங்குகிறவர் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் பாக்கெட் துணி நன்றாக இருக்கும் ஜீன்ஸில் மற்றதும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

ஜிப் பித்தளையாக இருக்கட்டும். ரன்னரைப் பாதியில் நிறுத்தி, பிடியைக் கீழே படுக்கவைத்து இரண்டு பக்கமும் இழுங்கள். இறங்கக் கூடாது. 1934-ல் தொடங்கிய ஜப்பான் கம்பெனி ஒய்.கே.கே.யின் ஜிப் இருந்தால் நல்ல அடையாளம், ஆனால் அந்த எழுத்தைப் போலியாகவும் போடுகிறார்கள், இழுத்துப் பார்ப்பதே நம்பகம். பெல்ட் லூப்பின் மேல்முனை இடுப்புப் பட்டிக்கு உள்ளே சொருகித் தைத்திருந்தால் பிய்யாது. லூப், பாக்கெட் முனை, ஜிப் அடிப்பகுதி, இந்த இடங்களில் அடர்த்தியாகக் குறுக்குத் தையல் இருக்கும், பார்டேக் என்று பெயர். அது விட்டுப்போயிருந்தால் எவ்வளவு விலையானாலும் வைத்துவிடுங்கள்.

சரி, 2,400-ஆ 500-ஆ? நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே துணி, ஒரே லைன், ஒரே ஆட்கள் தைத்ததில் இரண்டு வேறு லேபிள் போகும், கடையில் ஒன்று மற்றதைப் போல ஒன்றரை மடங்கு விலை. அதனால் லேபிளுக்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். பர்கூரிலும் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு வரும். அதில் நல்லது இருக்கும், தேட நேரம் வேண்டும். மகனையே கூட்டிக்கொண்டு போய், அவன் கேட்கிற 2,400 ரூபாய் ஜீன்ஸையும் ஒரு முறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே சொன்னதெல்லாம் 1,000 ரூபாய் ஜீன்ஸில் இருந்து நான் பார்த்திருக்கிறேன். 500-ல் பாக்கெட் துணியும் ஜிப்பும் ஏமாற்றாமல் வந்தது ரொம்பக் குறைவு.

ஜீன்ஸ் வாங்கியவுடன் உயரம் வெட்டித் தைத்தேன். இரண்டு முறை துவைத்ததும் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. தைத்தவர் தப்பா, துணி தப்பா?
— கல்லூரி மாணவர், ஊத்தங்கரை

தம்பி, அவசரம்தான் தப்பு. நல்ல மில் துணியை நீராவியும் அழுத்தமும் கொடுத்து முன்கூட்டியே சுருக்கிவிடுவார்கள், சான்ஃபரைஸ் என்று பெயர். அப்படிச் செய்த துணியும் 1 முதல் 3 சதவீதம் சுருங்கும். 40 அங்குல நீளத்தில் 3 சதவீதம் என்றால் ஒரு அங்குலத்துக்கு மேலே போய்விடும். சுருக்காத துணி 10 சதவீதம் வரை கூடச் சுருங்கும். இனிமேல் இரண்டு முறை துவைத்துக் காயவைத்து, அதன் பிறகு செருப்போ ஷூவோ எதைப் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு போய் அளவு கொடுங்கள். என் கடைக்குப் புது ஜீன்ஸோடு வருகிறவர்களைத் துவைத்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். சிலருக்குக் கோபம் வரும்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் ஜீன்ஸ்தான். லைக்ரா கலந்தது என்று வாங்குகிறேன், போட சுகமாக இருக்கிறது. நாலைந்து மாதத்தில் முட்டி பொங்கிவிடுகிறது, இடுப்பு பின்னால் விரிகிறது. துணியிலிருந்து வெள்ளை முடி போல ஏதோ நீட்டிக்கொண்டு வருகிறது.
— சகோதரி, சூளகிரி

அந்த வெள்ளை முடிதான் லைக்ரா. உள்ளே அறுந்துபோய் வெளியே வருகிறது.

ஸ்ட்ரெச் ஜீன்ஸில் ஊடை நூலின் நடுவில் எலாஸ்டேன் என்ற இழை இருக்கும், லைக்ரா என்பது அதற்கு ஒரு கம்பெனி வைத்த பெயர். அதைச் சுற்றிப் பஞ்சு. அதனால்தான் துணி அகலவாக்கில் மட்டும் நீளும். லேபிளில் பாருங்கள், 98 பருத்தி 2 எலாஸ்டேன் என்றால் தினசரிக்கு நல்லது. 4, 5 சதவீதம் என்று போட்டு, பாலியஸ்டரும் ரேயானும் கலந்து, துணியும் மெல்லிசாக இருந்தால் ட்ரையல் ரூமில் உடம்போடு ஒட்டி அழகாக இருக்கும், சீக்கிரம் தொய்ந்துவிடும். கெட்டித் துணியில் கொஞ்சம் இழுவை இருக்க வேண்டும், மெல்லிய துணியை இழுவையே தாங்கிப் பிடிக்கக் கூடாது.

கடையில் தொடைப் பக்கம் ஒரு சாண் அளவு பிடித்து அகலவாக்கில் நன்றாக இழுத்து, பத்து எண்ணும்வரை வைத்திருந்து விடுங்கள். உடனே பழைய இடத்துக்குப் போக வேண்டும். மடிப்பு மாதிரி ஒரு அலை நின்றால் உங்கள் முட்டியிலும் அது நிற்கும்.

இன்னொன்று, சூடு. எலாஸ்டேனுக்குச் சூடும் பிளீச்சும் ஆகாது. நீங்கள் வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டு, காலையில் அவசரத்துக்கு அயர்ன் பாக்ஸை முழுச் சூட்டில் வைத்துத் தேய்க்கிறவராக இருந்தால் நல்ல ஜீன்ஸும் தாங்காது. பச்சைத் தண்ணீரில் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். பின் இடுப்பு விரிந்ததை என்னால் சரிசெய்ய முடியும். சீட்டின் நடுவில் பிரித்து ஒரு அங்குலம் பிடிக்கலாம். முட்டி பொங்கினதற்கு எந்தத் தையல்காரரிடமும் மருந்து இல்லை. அப்புறம், இரண்டு ஜீன்ஸை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு நாள் சும்மா இருந்தால் துணி ஓரளவு தன் நிலைக்குத் திரும்பும்.

துவைத்த பிறகு ஒரு காலின் சைடு தையல் மட்டும் முன்பக்கம் திரும்பி வருகிறது. பிரித்துத் தைத்தால் சரியாகுமா?
— கடை ஊழியர், தர்மபுரி

ஆகாது தம்பி, காசை வீணாக்க வேண்டாம். சாய்கோட்டு நெசவு துவைத்ததும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளப் பார்க்கும், அது அதன் இயல்பு. நல்ல மில்லில் அதற்குத் தகுந்தபடி முன்கூட்டியே துணியைக் கோணலாக இழுத்துப் பதப்படுத்திவிடுவார்கள். அது செய்யாத துணியோ, துணி மிச்சம் பிடிக்க நேர்வாக்கில் வைக்காமல் சாய்த்து வெட்டிய கால்களோ இப்படித் திரும்பும். வாங்கும்போதே இடுப்பைப் பிடித்துத் தொங்கவிட்டு, இரண்டு கால் தையலும் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள்.

புது ஜீன்ஸ் சாயம் போய் வண்டி சீட், வெள்ளைச் சட்டை எல்லாம் நீலம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று என் மாமியார் சொல்கிறார். சாயம் போனால் மட்டமான ஜீன்ஸ் என்று அர்த்தமா?
— இல்லத்தரசி, பாலக்கோடு

இந்தக் கடிதத்துக்காகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் ஜீன்ஸில் எனக்கு மிகப் பிடித்தது இந்த நீலம்.

உங்கள் மாமியார் சொல்வது சில சாயங்களுக்குப் பொருந்தும். சாயப் பட்டறையிலேயே உப்பு போட்டுத்தான் அந்தச் சாயங்களைப் பருத்தியில் ஏற்றுவார்கள். ஜீன்ஸ் நீலம் வேறு ஜாதி. அது இண்டிகோ, நம் அவுரிச் செடியிலிருந்து வந்த அதே நீலம். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி போடுகிறார்கள். இந்த நீலம் தண்ணீரில் கரையாது. காரத்தோடு சேர்த்து அதை வேறு நிலைக்கு மாற்றினால்தான் கரையும். அப்போது தொட்டித் தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். நூலை முக்கி வெளியே எடுத்தால் அதுவும் பச்சையாகத்தான் வரும். காற்று பட்டதும் கண் முன்னாலேயே நீலமாக மாறும். மறுபடி முக்கி, மறுபடி காற்றில் காட்டி, இப்படிப் பல முறை. நான் ஒரே ஒரு தடவை மில்லில் போய்ப் பார்த்தேன், கயிறு கயிறாகப் பச்சை நூல் மேலே ஏறி, உச்சியைத் தொடுவதற்குள் நீலமாவதை. வீட்டுக்கு வந்தும் அதுவே கண்ணில் நின்றது.

இப்படி ஏறுகிற நீலம் நூலின் வெளிச்சுற்றில் மட்டும் படியும், நடுத்தண்டு வெள்ளையாகவே இருக்கும். ஜீன்ஸ் மடங்குகிற இடத்தில், உரசுகிற இடத்தில் வெளிநீலம் தேய்ந்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரிய வருவதால்தான் ஒவ்வொருவர் ஜீன்ஸும் ஒவ்வொரு விதமாக வெளுக்கிறது. ஆக, புதுசில் கொஞ்சம் சாயம் போவது அதன் இயற்கை. உப்போ வினிகரோ அதை நிறுத்தாது. இன்று ஜீன்ஸில் இருப்பது பெரும்பாலும் செயற்கை இண்டிகோ. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி 1897-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நம் நாட்டு அவுரி வியாபாரம் படுத்துவிட்டது. சேர்மம் இரண்டிலும் ஒன்றுதான், குணமும் ஒன்றுதான்.

மட்டமான சாயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளைக் கைக்குட்டையை உலர்ந்தபடி பத்து முறை தேயுங்கள். லேசாக நீலம் வந்தால் சரி. கைக்குட்டை பளிச்சென்று நீலமானால் மில்லில் சரியாக அலசவில்லை. மூன்று, நான்கு துவைப்புக்குப் பிறகும் வாளித் தண்ணீர் மை போல இருந்தாலும் அப்படித்தான்.

முதல் இரண்டு தடவை தனியாக, உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பிரஷ் போடாதீர்கள், பாறையில் அடிக்காதீர்கள். நம் மாவட்டத்து போர் தண்ணீர் உப்பு, சோப்பு சரியாக நுரைக்காமல் துணியில் வெள்ளைத் திட்டாக நிற்கும். அதனால் சோப்புத் தூளைக் குறைத்து, கடைசி அலசலுக்கு மட்டுமாவது குழாய்த் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு ஜீன்ஸ் பெரும்பாலும் இண்டிகோ கிடையாது, வேறு சாயம். அதை வெயிலில் போட்டால் சாம்பல் நிறமாகிவிடும்.

கிரானைட் லோடு வண்டி ஓட்டுகிறேன். எந்த ஜீன்ஸ் வாங்கினாலும் 6 மாதத்தில் கவட்டுப் பக்கம் கிழிகிறது. தையல் பிரிவதில்லை, துணியே போய்விடுகிறது.
— ஓட்டுநர், பர்கூர்

அண்ணா, என் கடைக்கு ரிப்பேருக்கு வரும் ஜீன்ஸில் பத்தில் ஏழு இந்த இடம்தான். நாள் முழுக்க உட்காருகிறீர்கள், தொடை ஒன்றோடொன்று உரசுகிறது, வேர்வையில் ஈரம் வேறு. ஈரத்தோடு உரசினால் துணி சீக்கிரம் நையும். வேர்வை உப்பும் தூசியும் நூலுக்குள் உட்கார்ந்து அறுக்கும். ஜீன்ஸை அடிக்கடி துவைக்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஏ.சி. அறையில் இருப்பவருக்கு அது சரி. கல் தூசியில் வேலை செய்கிற நீங்கள் மூன்று நாளைக்கு ஒரு முறை அலசியே ஆக வேண்டும்.

அளவையும் மாற்றுங்கள். உட்காரும்போது தொடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இப்போது வரும் ஒல்லிக் கால் ஜீன்ஸ் நடக்கிறவருக்கு, நிற்கிறவருக்கு. ஓட்டுநருக்கு நேர்க்கால், இடுப்பு கொஞ்சம் உயரமானது. 12 அவுன்ஸுக்குக் குறையாத முழுப் பருத்தி, இல்லாவிட்டால் 1 சதவீதம் மட்டும் எலாஸ்டேன்.

முக்கியமானது, ஓட்டை விழுந்த பிறகு கொண்டு வராதீர்கள். உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் போய் வெள்ளை இழைகள் மட்டும் குறுக்கே தெரிந்தால் பாவு போய்விட்டது, ஊடை மட்டும் தாங்குகிறது. அந்தக் கட்டத்தில் உள்ளே ஒரு பழைய ஜீன்ஸ் துண்டை வைத்து, நீல நூலில் மேலும் கீழுமாக மெஷினில் ரஃபு ஓட்டினால் இன்னும் ஒரு வருடம் போடலாம். ஓட்டை விழுந்தால் சுற்றிலும் நைந்திருக்கும், தையல் பிடிக்க இடமிருக்காது. புது ஜீன்ஸிலேயே அந்த இடத்தில் உள்ளே ஒரு டயமண்ட் துண்டு வைத்துக் கொடுக்கிறேன், ஓட்டுநர்கள் சிலர் வாங்கிய வாரமே கொண்டு வருகிறார்கள்.

செல்வெட்ஜ் ஜீன்ஸ் 12,000 ரூபாய் என்கிறார்களே, அப்படி என்ன அதில்?
— வாசகர், அரூர்

உங்கள் வேட்டியின் ஓரத்தைப் பாருங்கள். பிசிறு கிடையாது, ஊடை நூல் போய்த் திரும்பி வந்து தானே மூடிக்கொள்கிறது. பழைய நாடா ஓடும் தறியில் ஜீன்ஸ் துணியும் அப்படித்தான் வரும், சுமார் 30 அங்குல அகலத்தில். அந்த மூடிய ஓரத்தைச் சைடு தையலில் வைத்துத் தைத்திருப்பார்கள். காலை மடித்தால் வெள்ளைப் பட்டையும் சிவப்புக் கோடும் தெரியும். இப்போதைய தறிகள் 60 அங்குல அகலத்தில் மளமளவென்று நெய்கின்றன, ஓரம் பிசிறாக இருக்கும். பழைய தறி மெதுவானது, துணி குறைவாக வரும், அதனால் விலை. ஜப்பானில் கோஜிமா என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அமெரிக்காவில் இதே துணியை நெய்துவந்த கோன் மில்ஸின் வொயிட் ஓக் ஆலை 2017 கடைசியில் மூடப்பட்டது.

அந்த ஓரம் துணிக்கு ஆயுளைக் கூட்டாது. அந்தத் தறியில் நெய்கிறவர்கள் நல்ல நூலைப் போடுகிறார்கள் என்பதால் துணி நன்றாக இருக்கிறது. சிவப்புக் கோட்டுக்காக மட்டும் 12,000 கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

கிழித்து, வெளுத்து விற்கிற ஜீன்ஸ் தரமானதா? கல்லூரிப் பெண்கள் எல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள்.
— ஆசிரியை, போச்சம்பள்ளி

டீச்சர், கம்பெனி வெளுப்பாக்கும் ஒவ்வொரு நிலையும் துணியின் ஆயுளிலிருந்து எடுத்துக்கொள்வதுதான். எரிமலைக் கல்லைப் போட்டுச் சுழற்றினால் துணி மெத்தென்று ஆகும், அதோடு நைந்தும் போகும். என்ஸைம் போட்டுச் செய்வது கொஞ்சம் மென்மை. தொடையில் தெரிகிற வெள்ளைத் திட்டுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் அடிப்பார்கள், நம் ஊர்க் கிணற்றில் போடுகிற அதே ஊதா மருந்து. அதிகமானால் அந்த இடம் முதலில் கிழியும். நல்ல வாஷில் வெளுப்பு ஓரம் தெரியாமல் கரைந்து போகும். மோசமானதில் வட்டமாக, பெயின்ட் அடித்தது போல நிற்கும்.

எனக்கு இதில் வேறொரு வருத்தம் உண்டு. மணலை வேகமாக அடித்து ஜீன்ஸை வெளுப்பாக்குகிற முறை ஒன்று இருந்தது. துருக்கியில் அதைச் செய்த இளைஞர்களுக்கு நுரையீரலில் சிலிகோசிஸ் வந்து பலர் இறந்தார்கள். 2009-ல் அந்த நாடு அதைத் தடை செய்தது. கல் உடைக்கிற, கிரானைட் அறுக்கிற குடும்பங்கள் இருக்கிற நம் மாவட்டத்தில் அந்த நோயின் பெயரை விளக்க வேண்டியதில்லை. போட்டுப் பழையதாக ஆக வேண்டிய ஒன்றைப் பழையதாகவே வாங்க ஒருவர் மூச்சு போகக் கூடாது என்று நான் நினைக்கிறேன். இப்போது லேசரில் செய்கிறார்கள், அது எவ்வளவோ மேல். பெண்களிடம் அடர்நீலத்தை வாங்கச் சொல்லுங்கள், இரண்டு வருடத்தில் அவரவர் நடைக்கு ஏற்ற வெளுப்பு அதுவாக வரும்.

துணி எடுத்துக் கொடுத்தால் ஜீன்ஸ் தைத்துத் தருவீர்களா? கடையில் வாங்குவது போல வருமா? அந்தச் செம்பு ஆணி எதற்கு?
— ஓய்வுபெற்ற ஊழியர், கிருஷ்ணகிரி

தருவேன் ஐயா. ஆணியிலிருந்தே தொடங்குகிறேன், அது ஒரு தையல்காரரின் வேலை. அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒருவர் தையல் கடை வைத்திருந்தார். பாக்கெட் கிழியாத பேண்ட் வேண்டும் என்று ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி கேட்க, குதிரைத் துணிக்கு அடிக்கிற செம்பு ஆணியைப் பாக்கெட் முனையில் அடித்துக் கொடுத்தார். அது பிடித்துப்போய் ஆர்டர் குவிந்தது. காப்புரிமைக்குக் கட்டப் பணமில்லாமல், தனக்குத் துணி சப்ளை செய்த லீவை ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். 1873 மே 20-ல் இருவர் பெயரிலும் காப்புரிமை கிடைத்தது. இழுவிசை எங்கே விழுகிறதோ அங்கே ஆணி. இன்றைக்குச் சும்மா அழகுக்கு ஒட்டுகிறார்கள், நகத்தால் நெம்பினால் கழன்று வரும். அதையும் கடையில் ஒரு தடவை நெம்பிப் பாருங்கள்.

எங்கள் அப்பாவும் தையல்காரர். 1990-களின் நடுவில் அர்விந்த் மில்ஸ் 'ரஃப் அண்ட் டஃப்' என்று ஒரு பொட்டலம் விட்டது. ஜீன்ஸ் துணி, ஜிப், பட்டன், ஆணி, பின்னால் வைக்கிற லேபிள் எல்லாம் சேர்ந்து ஒரே பையில், தையல் மட்டும் ஊர் டெய்லரிடம். அப்பா அதை நிறையத் தைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆணி அடித்துக் கொடுப்பேன். அவர் மெஷினில் யோக் மடிப்பு நாலு பாளம் சேருகிற இடத்தில் ஊசி உடையும். அந்த இடத்தை முதலில் சுத்தியலால் தட்டித் தட்டைப்படுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றித் தைப்பார். ஒரு ஜீன்ஸுக்கு ஒரு நாள். இப்போதும் நான் அப்படித்தான் செய்கிறேன், 18-ஆம் நம்பர் ஊசி போட்டு.

கம்பெனி ஜீன்ஸில் கால் அடியில் ஓடும் சங்கிலித் தையல் என் மெஷினில் வராது, சாதாரணத் தையல்தான் வரும். வாஷ் செய்த வெளுப்பும் இருக்காது, துணியின் நிறம் என்னவோ அதுவே. ஆனால் உங்கள் சீட்டுக்கும் தொடைக்கும் அளவெடுத்து, நல்ல பாக்கெட் துணி போட்டு, ஓரத்தில் ஒரு அங்குலம் விட்டுத் தைப்பேன். 58 அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர் எடுங்கள். வாங்கின அன்றே ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவைத்து எடுத்து வாருங்கள். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது.